பன்னிரண்டாவது படத்துக்கும் முதல் படத்துக்கும் நடுவே

பன்னிரண்டு படங்களைக் கம்ப்யூட்டரில் வரிசையாக ஒட்டி வட்டமாக்கினால், கடைசிப் படத்தின் வலது ஓரமும் முதல் படத்தின் இடது ஓரமும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட வேண்டும். சேரத்தான் செய்தன. ஆனால் சேர்ந்த இடத்தில், சுவரை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளையாக ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது.

செல்லையன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். வெள்ளை அங்கேயேதான் இருந்தது. ஓரத்தில் பொடித்துளைகளும் வளைவுகளும் தெரிந்தன. நூலில் பின்னிய லேஸின் விளிம்பு அது.

"நெகட்டிவ்ல இது இல்ல மக்கா," என்றார்.

"இருக்கும்ப்பா. நீங்க சரியா பாத்திருக்க மாட்டிய," என்றாள் லிஜா.

முப்பது வருஷமாக நெகட்டிவ் பார்த்தே பழுத்த கண்ணைப் பார்த்துப் பெற்ற மகள் சொல்கிற பேச்சா இது! செல்லையன் விளக்குப் பெட்டியைப் போட்டு, பன்னிரண்டு நெகட்டிவையும் அதன்மேல் பரப்பி, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகத் தேடினார். கதவு இருந்தது. சுவர் இருந்தது. லேஸ் இல்லை. லிஜா அதற்குள் மவுஸைப் பிடித்து, பக்கத்துச் சுவரிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு நிறத்தை எடுத்து அதன்மேல் பூசி மறைத்துவிட்டாள். அது வியாழக்கிழமை. அன்றைக்கே படத்தை இன்டர்நெட்டில் ஏற்றியும் விட்டாள்.

நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் படித்த பெண். பாறசாலை ஜங்ஷனில் அப்பாவின் ஸ்டூடியோவின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைக்கச் செய்தவளும் அவள்தான். தொண்ணூற்றொன்பதில் அந்தப் பக்கத்தில் அது பெரிய அதிசயம். முதல் நாள் டெலிபோன் கம்பியைச் செருகி, ஏதோ வெளிநாட்டு மியூசியத்துக்குள் அவரைக் கூட்டிப்போனாள். மவுஸை இடப்பக்கம் இழுத்தால் அறை இடப்பக்கம் திரும்பியது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிலாவிலிருந்து எடுத்து வந்த கல் இருந்தது. இன்னொரு பக்கத்தைத் திறந்தாள், செவ்வாய்க் கிரகம். இரண்டு வருஷம் முன்னால் அங்கே போய் இறங்கிய ஒரு இயந்திரம் நாலாபக்கமும் எடுத்த படங்களை ஒட்டி வட்டமாக்கி வைத்திருந்தார்கள். சிவந்த மண், சிவந்த கல், ஒரு குருவி இல்லை, ஒரு புல் இல்லை. செல்லையன் ஒன்றரை மணி நேரம் செவ்வாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எடுத்த ஆளு எங்க மக்கா?" என்று கேட்டார்.

"ஆளு இல்லப்பா, மெஷினாக்கும். ஆளு எடுத்தாலும் தெரியாது. எடுக்கியவரு நடுவுல இல்லியா நிப்பாரு. எங்கோட்டுத் திருப்பினாலும் அவரு பின்னாலயாக்கும்."

அது செல்லையனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் காட்டிவிட்டுத் தான் மட்டும் தெரியாமல் நிற்கிற வேலை. அதைத்தானே இத்தனை நாளும் செய்து வந்திருக்கிறார்!

சர்ச் சபைக்காரர்கள் ஒரு சுற்றுப்படம் எடுத்துத் தரக் கேட்டபோது உடனே சம்மதித்ததற்கும் அதுதான் காரணம். காரக்கோணம் போகிற ரோட்டில், பழைய மிஷன் பங்களாவில் ஒரு நீண்ட அறை உண்டு. ஒருகாலத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து லேஸ் பின்னிய அறை. இப்போது அது சபையின் சிறிய மியூசியம். பழைய ஓலைகள், அச்செழுத்துகள், லேஸ் பின்னும் உருண்டைத் திண்டுகள், அவற்றின்மேல் நூல் சுற்றித் தொங்கும் மரக்குச்சிகள். வெளிநாடு போன பிள்ளைகள் அதை அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். செல்லையன் அறையின் நடுவில் ஸ்டாண்டை நிறுத்தி, கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பன்னிரண்டு படம் எடுத்தார். யாராவது குறுக்கே வந்தால் ஒட்டும்போது சேராது. அதனால் கதவை உள்ளே தாழ் போட்டிருந்தார். அந்த அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

ஆனால் ஒன்பதாவது படம் எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் மரக்குச்சிகள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது உண்மை. கடகடவென்று, ஒரு கை வேகமாக நூல் மாற்றுகிற சத்தம். காற்றாக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஜன்னல்கள் எல்லாம் மூடியிருந்தன என்பது வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அவருக்கு நினைவு வந்தது.

சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. ஜூன் மாதத்து இடவப்பாதி மழை, நாலு மணிக்கே ஆறரை மணியின் இருட்டைக் கொண்டுவந்துவிட்டது. ஸ்டூடியோ மாடியில் இருந்தது; சாரல் அடித்ததால் கதவைத் தாழ் போட்டிருந்தார்கள். கீழே பஸ்கள் சேற்றைக் கிழித்துக்கொண்டு களியக்காவிளைப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. மனைவி ஆனந்தபாய் மறுநாள் சபை நாள் விருந்துக்குக் காய் நறுக்கப் பங்களாவுக்குப் போயிருந்தாள். நாளை ஆராதனை முடிந்ததும், காரக்கோணத்திலிருந்து இரவல் வாங்கிய புரொஜெக்டரில் இந்தச் சுற்றுப்படத்தைச் சுவரில் காட்டப் போகிறார்கள். ஊரே உட்கார்ந்து பார்க்கும். முன்வரிசையில் கமிட்டிச் செயலாளர் ராஜன் இருப்பார். இந்த ஸ்டூடியோ இருக்கிற கட்டடமும் அவருடையதுதான்.

"அப்பா, சானு அத்தான் எழுதியிருக்கான்," என்றாள் லிஜா. சானு, ஆனந்தபாயின் அண்ணன் மகன்; அமெரிக்காவில் இருக்கிறான். படத்தை ஏற்றி வைக்க இடம் பிடித்துத் தந்தவனும் அவன்தான். லிஜா கடிதத்தை வாசித்தாள். "மாமா, சுத்திச் சுத்திப் பாத்தேன். ஊருக்கு வந்ததுபோலயே இருக்கு. ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கதவுப் பக்கத்துல நிக்கிற அக்கா யாரு?"

"எந்த அக்கா?" என்றார் செல்லையன்.

"அதாக்கும் எனக்கும் வெளங்கல்ல."

லிஜா டெலிபோன் இணைப்பைப் போட்டாள். மோடம் கிறீச்சிட்டு, இரைந்து, அடங்கியது. பக்கம் திறந்தது. அடியில் ஒரு கறுப்புக் கட்டத்தில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்ற எண் ஒளிர்ந்தது: முப்பத்தேழு. படம் வழக்கம்போல மேலிருந்து கீழாக, ஒரு கீற்று, பிறகு இன்னொரு கீற்று என்று இறங்கத் தொடங்கியது. முதலில் உத்தரம். பிறகு சுவரின் மேல்பாதி. லிஜா மவுஸை இழுத்துக் கதவு இருக்கும் பக்கத்துக்குத் திருப்பினாள். கதவின் மேற்சட்டம் தெரிந்தது. அதன் பக்கத்தில், வியாழக்கிழமை சுண்ணாம்பு பூசி மறைத்த அதே இடத்தில், நடு வகிடு எடுத்து வாரிய ஒரு தலை.

அடுத்த கீற்று. நெற்றி. அடுத்தது. மூடிய கண்கள்.

"கண்ண மூடிட்டு நிக்கா பாருங்க. போட்டோ எடுக்கும்ப இமைச்சிருப்பா," என்று லிஜா சிரித்தாள். அடுத்த கீற்று இறங்கியதும் சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பா, இவிய மூக்குல என்ன, பஞ்சா?"

அறையில் மெழுகுதிரி அணைந்த வாசனையும் யூடிகொலோன் வாசனையும் எழுந்தன. ஸ்டூடியோவில் எப்போதும் இருக்கிற, படம் கழுவும் ஹைப்போவின் புளித்த வாசனையை அவை ஓரத்துக்குத் தள்ளிவிட்டன. இந்த இரண்டு வாசனையும் ஒன்றாக ஒரே ஒரு இடத்தில்தான் வரும். சவப்பெட்டிக்குப் பக்கத்தில்.

அடுத்த கீற்றில் உதடு. அடுத்ததில் தாடை. அடுத்ததில் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்த வெள்ளை லேஸ். அது ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சரிந்த இடத்தில் கழுத்து தெரிந்தது. கழுத்தில் இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் ஒன்று, கருத்த அடையாளங்கள்.

"வெரலு பதிஞ்சதுபோல இல்லியா இருக்கு," என்றாள் லிஜா மெதுவாக. "யாருப்பா இவிய?"

"தெரியாது," என்றார் செல்லையன்.

தெரியாதாம்! பிரேமகுமாரியின் கல்யாணப் படத்தை எடுத்தவரும் அவர், பத்து வருஷம் முன்னால் அவளுடைய கடைசிப் படத்தை எடுத்தவரும் அவர்.

மிஷன் பங்களாவில் லேஸ் பின்னியவள் பிரேமகுமாரி. அவள் கைக்கு அப்படி ஒரு வேகம் உண்டு. ராஜனுக்கு வாழ்க்கைப்பட்டு மூன்றாம் வருஷம், ஒரு நாள் காலையில் ஃபிட்ஸ் வந்து இறந்துபோனாள் என்றார்கள். பத்து மணிக்குச் சொன்னார்கள். நாலு மணிக்கு அடக்கம். போலீஸ் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. அந்தப் பக்கத்துச் சபைக் குடும்பங்களில் சாவு நடந்தால், பெட்டியை மூடும் முன்னால் எல்லோரும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். இறந்தவரின் முகம் விழ வேண்டும் என்று தலைப்பக்கம் ஒரு ஸ்டூலைக் கொடுத்துப் பெட்டியைச் சரித்து வைப்பார்கள். அன்றும் சரித்தார்கள். சரித்தபோது அவள் கழுத்தில் போட்டிருந்த லேஸ், அவளே பின்னிய லேஸ், வழுக்கி நீங்கியது. செல்லையன் கேமராவுக்குள் கண்ணை வைத்திருந்தார். விரல் பொத்தானில் இருந்தது. அமுக்கினார். யாரோ ஒரு கை உடனே லேஸை இழுத்துச் சரியாக்கியது. அது ராஜனின் கை.

மறுநாள் ராஜன் ஸ்டூடியோவுக்கு வந்தார். அப்போது ஸ்டூடியோ ஒரு சந்துக்குள், ஓலைக் கூரையில் இருந்தது.

"ஓய் செல்லையா, கழுத்துல ஒரு கறுப்பு கெடக்கு. ஃபிட்ஸ் வரும்ப அவளே நகத்தால மாந்திக்கிட்டதாக்கும். பாக்க ஒரு மாதிரியா இருக்கு. ஒண்ணு சரியாக்கித் தாரும்." போகும்போது வாசலில் நின்று, "ஜங்ஷன்ல நான் கெட்டிடம் கெட்டுதேன். மாடியில ஒரு ரூம் உமக்கு உண்டு," என்றார்.

முகப்பரு, அம்மைத் தழும்பு, மாறுகண் எல்லாம் சரியாக்கிக் கொடுக்கிற கைதானே. செல்லையன் நெகட்டிவை விளக்குப் பெட்டியில் வைத்து, பென்சிலைக் கூராகச் சீவி, அந்த ஐந்து இடத்தையும் ஒவ்வொன்றாக நிரப்பினார். நெகட்டிவில் பென்சில் ஏறிய இடம் பிரிண்டில் வெளுத்துவிடும். முக்கால் மணி நேர வேலை. அவர் வாழ்க்கையில் அதைவிட நேர்த்தியாக ஒரு கழுத்தைச் சரியாக்கியதில்லை. செய்தது என்னவென்று அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு அடையாளத்திலும் நகம் பதிந்த பிறை வடிவத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்துத்தான் நிரப்பினார்.

எட்டாம் நாள் ஞானபாய் வந்தாள். பிரேமகுமாரியின் அம்மா. கோட்டுகாலிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

"செல்லையா, எனக்க மோளுக்க கழுத்த நான் கண்டேன். பெட்டியச் சரிச்சப்ப லேஸு நீங்கிச்சு. நீரும் கண்டீரு. கல்லறையத் தோண்டணும்னா ஒரு ஆதாரம் வேணும்னு மனு குடுத்த ஆபீஸுல சொல்லுதாவ. அந்த ஃபிலிம ஒண்ணு தாரும்."

"ஃபிலிம்ல வெளிச்சம் கேறிப்போச்சு அக்கா. இந்த ஒரு பிரிண்டுதான் தேறிச்சு," என்று செல்லையன் சரியாக்கிய படத்தை நீட்டினார்.

ஞானபாய் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். சுத்தமான கழுத்து. அழவில்லை. படத்தை அவர் மேசைமேலேயே திருப்பி வைத்தாள்.

"எனக்க மோளு லேஸு பின்னும்ப நூலு அறுந்தாலும் முடிச்சுத் தெரியாம சேத்துருவா. நீரு அழிச்சு மாச்சத அவ சேப்பா, செல்லையா. உமக்க வீட்டுல வச்சே சேப்பா."

மனு அப்படியே தள்ளுபடியாகிப் போனது. அடுத்த வருஷம் ஞானபாயும் போய்ச் சேர்ந்தாள். ராஜன் வேறு கல்யாணம் செய்துகொண்டார். செல்லையனின் ஸ்டூடியோ ஜங்ஷனுக்கு வந்தது.

"அப்பா, என்ன ஆச்சு? முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?" லிஜா அவர் தோளைத் தொட்டாள்.

"ஒண்ணும் இல்ல. இத மாத்தணும். நாளைக்கு எல்லாரும் பாப்பாவ."

"ஏன் மாத்தணும்? யாருன்னு கேப்போம். அந்தக் கழுத்தப் பாத்தா பாவமா இருக்குப்பா. யாராவது கண்டு சொல்லட்டு. தொடாண்டாம்."

செல்லையன் எழுந்து போய் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். இறந்தவர்களின் நெகட்டிவை அவர் எரிப்பதில்லை. அது தொழிலில் அவருக்கு ஒரு பயம். எல்லாவற்றையும் அந்த டின்னில்தான் போட்டு வைத்திருந்தார். பிரேமகுமாரியின் நெகட்டிவைத் தேடி எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். குடும்பத்தார் சுற்றி நின்றார்கள். ராஜன் நின்றார். ஞானபாய் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியில் தலையணை இருந்தது, பூ இருந்தது, தலை அழுந்திய குழி இருந்தது. ஆள் இல்லை.

டின் கையிலிருந்து நழுவி, நெகட்டிவ்கள் தரையில் சிதறின.

அப்போதுதான் அவருக்குப் பங்களாவில் படம் எடுத்த அந்த மத்தியானம் முழுவதும் விளங்கியது. பன்னிரண்டு முறை கேமராவைத் திருப்பினார். பன்னிரண்டு முறையும் அவள் அவர் முதுகுக்குப் பின்னால் அடி வைத்து நகர்ந்திருக்கிறாள். அவர் திரும்பத் திரும்ப அவளும் திரும்பியிருக்கிறாள். அதனால்தான் ஒரு படத்திலும் விழவில்லை. வட்டம் வந்து மூடுகிற இடத்தில், ஒளிய இடம் இல்லாமலோ, ஒளிய மனசில்லாமலோ, நின்றுவிட்டாள்.

வேறொரு மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கி ஓடியிருப்பான். இல்லையென்றால் உட்கார்ந்து உண்மையைச் சொல்லி அழுதிருப்பான். செல்லையனின் பயம் வேறு வழியில் ஓடியது. நாளை. சுவர் அளவுக்குப் பெரிதாக. முன்வரிசையில் ராஜன். ஊரில் பெரியவர்கள் எல்லோருக்கும் அவளைத் தெரியும். ஆள் நின்றால் நிற்கட்டும், அவள் சாயலில் யாரோ ஒரு பெண் என்று சொல்லிக்கொள்ளலாம். கழுத்துதான் ஆபத்து. கழுத்து மட்டும் சரியாகிவிட்டால் போதும்.

"நீ போயி அங்கோட்டு இரி மக்கா. மழையில தல நனஞ்சிருக்கு. முடியத் தோத்தி வாரிட்டு இரி. நான் ஒண்ணு பாக்குதேன்," என்றார்.

லிஜா முணுமுணுத்துக்கொண்டே போய், அவருக்குப் பின்னால், படம் எடுக்க வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில், மலையும் அருவியும் வரைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். தலைமுடியைப் பிரித்துச் சீப்பால் வாரத் தொடங்கினாள். முதுகுப்பக்கம் சீப்பின் சத்தம் சீராகக் கேட்டது. செல்லையன் திரையோடு முகத்தை ஒட்டி உட்கார்ந்தார். அவள் கற்றுக்கொடுத்தபடியே படத்தைத் திறந்து, கழுத்தைப் பெரிதாக்கினார். நல்ல தோல் இருக்கிற இடத்தை ஒரு தட்டுத் தட்டி எடுத்தார். கருத்த இடத்தில் வைத்தார்.

முதல் அடையாளம். சுண்டுவிரல். இரண்டு தட்டில் போய்விட்டது. பென்சிலைவிட எத்தனை சுலபம்!

சீப்பின் சத்தம் நின்றது.

"முடியில சிக்கு," என்றாள் லிஜா. குரல் கொஞ்சம் அடைத்திருந்தது.

இரண்டாவது. மோதிரவிரல். இது கொஞ்சம் ஆழம். நகத்தின் பிறை போக நாலைந்து தட்டு தேவைப்பட்டது. மவுஸின் ஒவ்வொரு தட்டுக்கும் எங்கோ ஒரு மரக்குச்சி இன்னொன்றில் தட்டியது. செல்லையன் கேட்டார். கேட்காதது போல இருந்தார்.

பின்னால் லிஜா இருமினாள். "அப்பா, தண்ணி இருக்கா?"

"இந்தா வாறேன் மக்கா. ஒரு நிமிஷம்."

மூன்றாவது. நடுவிரல். யூடிகொலோன் வாசனை கண்ணைக் கரித்தது. மழை கூரையில் விழும் சத்தம் தூரமாகப் போய்விட்டது. மரக்குச்சிகளின் சத்தம் பக்கத்தில் வந்துவிட்டது. கடகட. கடகட. நூல் மாறுகிறது. ஸ்டூலின் ஒரு கால் தரையில் உராய்ந்தது. செருப்பு ஒன்று கழன்று விழுந்தது.

"அப்..."

"இப்ப முடிஞ்சிரும் மக்கா."

திரும்பிப் பார்த்திருக்கலாம். அரைத் திரும்பல் போதும். ஆனால் திரையில் இருந்த முகம் இப்போது கண்ணைத் திறந்திருந்தது. மூடியிருந்த கண்கள், அவர்தான் பார்த்தாரே. இப்போது திறந்திருந்தன. அவரை நேராகப் பார்த்தன. அந்தப் பார்வையை விட்டுக் கண்ணை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் அவள் எங்கே நிற்பாள்?

நாலாவது. ஆள்காட்டிவிரல்.

தட்டு. தட்டு. தட்டு.

பின்னால் குதிகால் தரையில் அடித்தது. இரண்டு முறை. பிறகு ஒரு முறை, மெதுவாக.

கட்டைவிரல் ஒன்றுதான் பாக்கி. வலப்பக்கம். பெரியது. கறுத்தது. செல்லையன் நல்ல தோலை எடுத்தார். வைத்தார். எடுத்தார். வைத்தார். போய்விட்டது.

கழுத்து சுத்தமாக இருந்தது. பத்து வருஷம் முன்னால் போலவே, நேர்த்தியாக. திரையில் பிரேமகுமாரி தன் லேஸைக் கழுத்தைச் சுற்றிச் சரியாக்கிக்கொண்டாள். பிறகு அவள் நின்ற இடத்தில் சுவர் மட்டுமே இருந்தது.

மரக்குச்சிகள் நின்றன.

அறையில் ஒரு சத்தமும் இல்லை. பின்னால் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

"லிஜா," என்றார். "முடிஞ்சிது மக்கா. பாத்தியா, எல்லாம் சரியாச்சு."

அவர் திரும்பினார்.

லிஜா ஸ்டூலில் நேராக உட்கார்ந்திருந்தாள். படம் எடுக்க வருகிறவர்களை அவர் உட்காரச் சொல்வதுபோல, முதுகு நிமிர்ந்து, தாடை ஒரு விரற்கடை தூக்கி, தலை இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து. கை மடியில் இருந்தது. சீப்பு முடியிலேயே மாட்டியிருந்தது. கண்கள் திறந்திருந்தன. இமைக்கவில்லை. கழுத்தில் இடப்பக்கம் நாலு, வலப்பக்கம் ஒன்று.

"இல்ல," என்றார். "இல்ல மக்கா. இது போயிரும். நான் மாச்சித் தாறேன்."

மேசையிலிருந்து பென்சிலை எடுத்தார். எச்சில் தொட்டு, மகளின் கழுத்தில், அந்தக் கறுப்பின்மேல் மெதுவாக வரைந்தார். போகவில்லை. பென்சிலைப் போட்டுவிட்டு விரலால் தேய்த்தார். தேய்க்க வைத்த விரல் அடையாளத்தில் போய் உட்கார்ந்தது. இன்னொரு விரலும் அதற்குரிய இடத்தில் உட்கார்ந்தது. நாலு விரலும் இடப்பக்கம். கட்டைவிரல் வலப்பக்கம். அளவெடுத்துச் செய்ததுபோல ஐந்தும் பொருந்தின. நகத்தின் பிறைகூடப் பொருந்தியது. பெற்று வளர்த்த மகளின் கழுத்து அந்தக் கைக்குள் சூடு ஆறிக்கொண்டிருந்தது. கையை எடுக்கப் பார்த்தார். எடுக்க வரவில்லை. அவர் விரல்களின்மேல் குளிர்ந்த நூல்போல என்னமோ சுற்றி, முடிச்சுத் தெரியாமல் இறுகியிருந்தது.

கீழே படியில் காலடிச் சத்தம் கேட்டது. குடை மடக்கும் சத்தம். "லிஜா, இருட்டுல என்ன செய்யுதிய அப்பனும் மோளும்? கதவத் திறக்கு மக்கா," என்று ஆனந்தபாய் கூப்பிட்டாள்.

திரையில் வெளிச்சம் மாறியது. யாரும் தொடாமலே பக்கம் மறுபடி திறந்து, படம் மேலிருந்து ஒவ்வொரு கீற்றாக இறங்கத் தொடங்கியது. உத்தரம் இல்லை. ஸ்டூடியோவின் மச்சு. டியூப் லைட். மலையும் அருவியும் வரைந்த திரையின் மேல்விளிம்பு. அடுத்த கீற்றில் முன்வழுக்கை விழுந்த ஒரு தலை. அடுத்ததில் மூக்குக்கண்ணாடி. அடுத்ததில் நீண்ட ஒரு கை. அதன் முனையில் ஒரு பெண்ணின் கழுத்து. ஐந்து விரலும் தெளிவாக விழுந்திருந்தன. இவ்வளவு தெளிவான படத்தை செல்லையன் தன் ஆயுசில் எடுத்ததில்லை. அறை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது. மேசை வந்தது, சிதறிய நெகட்டிவ்கள் வந்தன, தாழ் போட்ட கதவு வந்தது, மறுபடி அவரே வந்தார். எடுத்த ஆள் எங்கும் இல்லை.

ஆனந்தபாய் கதவைத் தட்டினாள். அடியில் கறுப்புக் கட்டத்தில் பார்த்தவர்களின் எண் முப்பத்தேழிலிருந்து முப்பத்தெட்டு ஆனது. பிறகு முப்பத்தொன்பது. பிறகு நாற்பது.